சுவரில் யார் படம்?

ஒரு சமூகம் யாரை மதிக்கிறது என்பதை அறிய அதன் இலக்கியங்களைப் புரட்ட வேண்டியதில்லை. அதன் பொது மண்டபத்துச் சுவரைப் பார்த்தாலே போதும். புத்தளம் மாவட்டத்துக் கரையோர ஊர்களில் நான் கண்ட மண்டபங்களில் அடிக்கல் நாட்டியவரின் பெயர் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. திறந்துவைத்தவரின் படம் மாலையோடு தொங்குகிறது. நன்கொடை வழங்கியவரின் பெயர் பொன்னெழுத்தில் மின்னுகிறது. ஆனால், விடிய விடிய ஆடிப் பாடிய கூத்தரின் முகம் எங்கே? அவர்களை ஆட்டுவித்த அண்ணாவியாரின் பெயர் எங்கே? ஒரு நாழிகை வந்து விளக்கேற்றியவருக்குச் சுவரில் நிலையான இடமுண்டு. வாழ்நாள் முழுவதையும் களரிக்குக் கொடுத்தவனுக்கு அங்கே ஓர் ஆணியளவு இடமும் இல்லை.

“கூத்தாடிக்குப் படமா?” என்று கேட்கும் பெரிய மனிதர் நம்மிடையே இன்றும் உளர். அவர்களுக்கு ஒரு பழைய ஓவியத்தை நினைவூட்ட விரும்புகின்றேன்.

பிரான்சு நாட்டின் தலைசிறந்த நாடக இல்லமான கொமெடி பிரான்செய்ஸின் சேகரிப்பில், 1670ஆம் ஆண்டில் தீட்டப்பட்ட ஓவியம் ஒன்று உள்ளது. அறுபது ஆண்டுக்கும் மேற்பட்ட காலத்து நகைச்சுவை நடிகரை அது ஒரே மேடையில் நிறுத்துகின்றது. முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு நடித்த குரோ கியோம், அவனோடு ஆடிய துர்லூப்பேன், கோத்தியே கார்கீய் ஆகிய மூவரும் 1630களிலேயே மறைந்தவர்கள். பரிசு நகரத்துச் சாதாரண மக்களைச் சிரிக்கவைத்த கலைஞர்கள். இத்தாலியிலிருந்து வந்த ஆர்லெக்கின் முதலிய வேடங்களும் அங்கே நிற்கின்றன. ஓரத்திலே நிற்பவர் யார்? அன்று உயிரோடிருந்த மோலியேர்! உலகம் போற்றும் நாடகாசிரியர், கேலிக்கூத்தாடிய பழைய நடிகரின் வரிசையிலே தாமும் ஒருவராக நிற்கிறார். அந்த ஓவியத்தில் அரசன் இல்லை, பிரபு இல்லை, புரவலன் இல்லை. மேடை மேடையில் நின்றவர்களுக்கே உரியது என்று அது வாய்திறவாமல் சொல்கிறது.

அதே மோலியேர் 1673இல் இறந்தபோது, நடிகர் என்ற காரணத்தால் திருச்சபை அவருக்கு நல்லடக்கம் மறுத்தது. அரசனிடம் முறையிட்ட பின்னரே இரவு வேளையில், ஆரவாரமின்றி அவர் அடக்கம் செய்யப்பட்டார். மண்ணில் இடம் மறுக்கப்பட்டவருக்குச் சுவரிலே நிலைத்த இடம் கிடைத்தது. நடிகனை இழிந்தவனாகக் கருதிய காலத்திலேயே அவனை நினைவில் நிறுத்தும் துணிவு சிலருக்கு இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கீழைத் தேயத்துக்கு வருவோம். ஜப்பானில் 1854இல் எட்டாம் டஞ்சூரோ என்னும் கபூக்கி நடிகன் இளவயதில் மறைந்தபோது, அவன் நினைவாக மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படங்கள் ஏராளமாக வெளிவந்தன. அவற்றைச் சாதாரண நகர மக்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். கலைஞனை நினைவுகூர அரசாங்கத்தின் உத்தரவை அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

இனி நமது கரைக்கு வருவோம். இங்கே நினைவுகூரத் தக்கவர் எவருமில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. உடப்பிலே திரௌபதை அம்மன் தீமிதிப்பு விழாவில் பாரதக் கதை மக்கள் கண்முன் நிகழ்கின்றது. சிலாபத்துக் கத்தோலிக்கப் புலவர் கபிரியேல் பெர்னாந்து இயற்றியதாகச் சொல்லப்படும் ‘ராஜ துன் கட்டுவ’, சிங்கள நாடகம் என்னும் கூத்து வகையின் தொடக்க காலப் படைப்புகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. அது மூன்று இராசாக்களின் கதை. வடக்கே மன்னார்க் கரையிலே அதே பொருளைத் தமிழில் ‘மூவிராசாக்கள் நாடக’மாக ஆடினார்கள். ஒரே கடல், ஒரே கதை, இரண்டு மொழிகள்! சிங்கள நாடகக் கூத்திலே ‘சிந்து’, ‘இன்னிசை’ என்ற பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. அதற்கு முழங்கும் மத்தளத்துக்குச் சிங்களத்திலே ‘தெமள பெரய’, அதாவது தமிழ் மேளம், என்றே ஒரு பெயருண்டு.

1956ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். ஜூன் மாதத்தில் சிங்களம் மட்டுமே அரச கரும மொழி என்ற சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதே ஆண்டு நவம்பரில் பேராசிரியர் சரச்சந்திரவின் ‘மனமே’ கொழும்பிலே மேடையேறி, நவீன சிங்கள அரங்கின் பெருமையாக முடிசூட்டப்பட்டது. அந்த ‘மனமே’ எந்தக் கூத்து மரபிலிருந்து எழுந்ததோ, அம்மரபின் வேர் தமிழ் நாட்டுக்கூத்திலே இருக்கின்றது. இதனைச் சரச்சந்திரவே தமது ஆராய்ச்சியில் மறைக்காது எழுதியவர். சட்டம் பிரித்ததை மேடை சேர்த்து வைத்திருந்தது. இந்த உண்மையை அறிஞர் அறிவர், நூல்கள் அறியும். ஆனால் சந்தைக்குப் போகும் மீனவனும் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளையும் அறியும்படி எந்தச் சுவரில் அது எழுதப்பட்டிருக்கிறது?

சிலாபம் முதல் நீர்கொழும்பு வரையுள்ள கரையிலே தமிழ் பேசிய குடும்பங்கள் பல சில தலைமுறைகளுக்குள் சிங்களத்தை வீட்டுமொழியாகக் கொண்டுவிட்டன. பள்ளிக்கூடத்தின் மொழி மாறியது அதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று. மொழி மாறுவது குற்றமன்று. ஆனால் பாட்டன் எந்த மொழியிலே அரசனாக வேடங்கட்டிப் பாடினான் என்பதே பேரனுக்குத் தெரியாமற் போவது பேரிழப்பு. அந்த அறியாமையின் மீதுதான் இனப்பகை தன் மாளிகையைக் கட்டுகின்றது.

நமது படித்த வர்க்கமும் இதில் தப்ப முடியாது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளைப் பேராதனையில் மேடையேற்றி, கிராமத்துக் கலையைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்தார். அவர் பணி பெரும்பணி. ஆனால் மாணவருக்கு ஆட்டம் பழக்கிய வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரின் பெயரை எத்தனை பட்டதாரிகள் உடனே சொல்வார்கள்? பேராசிரியரின் பெயரை மனனம் செய்கின்றோம். அண்ணாவியாரை ‘முதலியோர்’ என்ற சொல்லுக்குள் புதைத்துவிடுகின்றோம்.

முற்போக்காளர் சிலர் வேறொரு தடை சொல்வர். “படம் மாட்டுவது தனிமனித வழிபாடு, கூத்தோ கூட்டுக் கலை. வலையும் வள்ளமும் இல்லாதவனுக்கு ஓவியம் எதற்கு?” என்பர். முதல் கேள்விக்கு விடை எளிது. கூட்டுக் கலைக்குக் கூட்டுப் படம் வேண்டும் என்பதே நம் கோரிக்கை. இரண்டாவது கேள்வியைக் கேட்பவர்கள், அமைச்சரின் படத்துக்குச் சட்டம் போட்ட நாளில் ஏன் அதைக் கேட்கவில்லை? வயிற்றுக்குச் சோறு வேண்டும். அதற்காக உழைப்பாளிக்கு மானமும் வரலாறும் வேண்டா என்று யார் தீர்ப்பளித்தார்கள்? தனக்கு வரலாறு இல்லை என்று நம்பவைக்கப்பட்டவன், தனக்கு உரிமை உண்டு என்று கேட்கவும் அஞ்சுவான்.

ஆகவே, இம்மாவட்டத்துக் கலை மண்டபங்களில் கூத்தரின் நினைவோவியம் எழ வேண்டும். அதை உள்ளூர் ஓவியரே தீட்டட்டும். அதிலே இராச வேடக்காரன் மட்டும் நின்றால் போதாது. அண்ணாவியார், மத்தளக்காரர், தாளம் போட்டவர், பக்கப்பாட்டுப் பாடியவர், உடுப்புத் தைத்தவர், ஏட்டைப் படியெடுத்தவர் அனைவரும் நிற்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் கீழே, ‘இன்ன ஊர், இன்ன தொழில், இன்ன வேடம்’ என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட வேண்டும். கரைவலை இழுத்தவன், உப்பளத்தில் உழைத்தவன் என்று எழுதக் கூச வேண்டாம். அதுவே அந்த ஓவியத்தின் பெருமை. அறிந்த முதியோர் இருக்கும்போதே பெயர்களைக் கேட்டுத் திரட்டும் வேலையை ஆசிரியர்களும் மாணவர்களும் மேற்கொள்ளலாம். அதற்கு அமைச்சின் சுற்றறிக்கை தேவையில்லை.

திறந்துவைக்க ஒரு பிரமுகர் வேண்டுமே என்று குழு கூடி யோசிக்கும். வேண்டாம். ஊரில் மூத்த கூத்தர் ஒருவர் திரையை விலக்கட்டும். பிரமுகர்கள் வரலாம், வந்து, ஒரு முறையேனும், சபையிலே அமர்ந்து பார்க்கட்டும்.