சிடி-ஐ: தொட்டுக்கூட பார்க்காம திட்டுறவங்களுக்கு

ரெண்டு வாரம் முன்னாடி நம்ம பதிவுலக நண்பர் ஒருத்தர் 'உலகத்துலயே படு மொக்கையான 10 கேம் மெஷின்கள்'னு ஒரு பட்டியல் போட்டிருந்தார். முதலிடம் யாருக்குன்னு கீழே போய்ப் பார்க்காமலே சொல்லிட்டேன். பிலிப்ஸ் சிடி-ஐ! இந்தப் பட்டியல்கள் எல்லாமே ஒண்ணைப் பார்த்து இன்னொண்ணு எழுதுறதுதானே. அங்கேயே ஒரு பின்னூட்டம் போடலாம்னு ஆரம்பிச்சேன், அது அனுமார் வால் மாதிரி நீண்டுடுச்சு. அதான் தனிப்பதிவு.

முதல்லயே சொல்லிடறேன். சிடி-ஐ நல்ல கேம் மெஷின்னு வாதாட நான் வரலை. அது நல்ல கேம் மெஷின் இல்லை. தோத்துப்போனதும் நியாயம்தான். ஆனா நீங்க திட்டுற காரணம் தப்பு. பரீட்சையில ஃபெயிலான பையனை ஃபெயிலானதுக்குத் திட்டுங்க, மூக்கு கோணலா இருக்குன்னு திட்டாதீங்க.

திட்டுறவங்க எல்லாரும் காட்டுற சாட்சி என்ன? 1993-ல வந்த ரெண்டு செல்டா கேம், 1994-ல வந்த 'ஹோட்டல் மேரியோ'. அதுலயும் கேமை யாரும் காட்டுறதில்லை, நடுவுல வர்ற கார்ட்டூன் துண்டுகளைத்தான். யூட்யூப் வந்த புதுசுல அந்தத் துண்டுகளை வெட்டி ஒட்டி ஆயிரக்கணக்குல கேலி வீடியோ போட்டாங்க. 2008-ல 'ஆங்ரி வீடியோ கேம் நெர்ட்' இதைப்பத்தி மூணு பாகம் எடுத்தார். நானும் விழுந்து விழுந்து சிரிச்சவன்தான். ஆனா அதுக்கப்புறம் உலகத்துல பாதிப்பேருக்கு சிடி-ஐ பத்தின அபிப்பிராயமே அந்த வீடியோதான்.

ஆன்சைட்ல எட்டு மாசம் நெதர்லாந்து எய்ண்ட்ஹோவன்ல இருந்தேன். பிலிப்ஸ் பிறந்த ஊர். கூட வேலை பார்த்த ஒரு டச்சுக்காரருக்கு ஐம்பது வயசு இருக்கும். பேச்சுவாக்குல சிடி-ஐ பேரை எடுத்தேன், கேலியாத்தான். மனுஷன் முகம் மாறிடுச்சு. "சனிக்கிழமை வீட்டுக்கு வா"ன்னார். போனா, அவங்க அப்பா வாங்கின மெஷினை டிவியில மாட்டி வச்சிருக்கார். ரிமோட்லயே ஒரு குட்டி ஜாய்ஸ்டிக். "அப்பா இதை கேமுக்காக வாங்கலை. என்சைக்ளோபீடியா, மியூசியம், பாட்டு, எல்லாம் டிவியில வரும்னு சொன்னாங்க, அதான் வாங்கினார். கேம் எங்களுக்கு போனஸ்"ன்னார். டச்சுக்காரங்களே எழுதின 'தி அப்ரெண்டிஸ்'னு ஒரு மந்திரவாதிச் சீடன் கேம் போட்டுக் குடுத்தார். மூணு மணி நேரம் எழுந்திரிக்கலை நான். பட்டியல் போடுற யாராவது இந்த கேம் பேரைச் சொல்லியிருக்காங்களா?

அன்னிக்கு ராத்திரியே இது உள்ளுக்குள்ள எப்படி வேலை செய்யுதுன்னு தேடிப் படிச்சேன் (தொழில் புத்தி!). பிரச்சினையோட வேர் அங்கதான் இருக்கு. சிடி-ஐ-யோட 'கிரீன் புக்' வரையறையை பிலிப்ஸும் சோனியும் 1986-ல அறிவிச்சாங்க. உள்ளே இருக்கிறது 68000 குடும்பத்து ப்ராசஸர், ஓஎஸ்-9 அடிப்படையிலான ரியல்டைம் ஆபரேட்டிங் சிஸ்டம், 1 எம்பி மெமரி. ஃபோட்டோ மாதிரிப் படத்தை ஒரு தளத்துல வச்சு, அதுக்கு மேல இன்னொரு தளத்தை ஏத்தலாம். அந்தக் காலத்துக்கு அட்டகாசம். ஆனா ஸ்ப்ரைட்னு சொல்ற விஷயம், அதாவது ஓடுற குதிக்கிற பொம்மைகளைத் திரையில தானா நகர்த்துற ஹார்டுவேர், கிடையவே கிடையாது. இருந்ததெல்லாம் 16-க்கு 16 புள்ளியில ஒரு கர்சர்! மத்த அத்தனையையும் ப்ராசஸரே இழுக்கணும், சிடி-யோ முதல் தலைமுறை வேகம். ரிமோட்லயும் பேடுலயும் எத்தனை பட்டன் இருந்தாலும் வேலைக்கு ஆகுறது ரெண்டுதான். அதான் அந்த செல்டாவுல பையைத் திறக்கணும்னா குனிஞ்சுட்டு பட்டனை அமுக்கணும். எழுதினவன் முட்டாள் இல்லைங்க. கையில குடுத்தது அவ்வளவுதான்.

செல்டா சிடி-ஐ-க்கு வந்ததே ஒரு கலாட்டா. 1991 ஜூன், சிகாகோ கண்காட்சி. நிண்டெண்டோவோட சேர்ந்து சிடி மெஷின் பண்றோம்னு சோனி அறிவிக்குது. மறுநாளே நிண்டெண்டோ, நாங்க பிலிப்ஸோட போறோம்னு சொல்லிடுச்சு. கடைசில அந்த சிடி டிரைவ் வரவே இல்லை. பிலிப்ஸுக்கு மிஞ்சினது நிண்டெண்டோ கதாபாத்திரங்களைப் பயன்படுத்துற உரிமை. அனிமேஷன் மேஜிக்னு ஒரு சின்ன கம்பெனி, ரஷ்யாவிலிருந்து ஓவியர்களை வரவழைச்சு, குறைஞ்ச பட்ஜெட்ல செஞ்சு குடுத்தது. நம்ம ப்ராஜெக்ட்கள்ல இதைவிடக் கேவலமான டெலிவரி எத்தனை பார்த்திருக்கோம்? யாரும் முப்பது வருஷம் வீடியோ போட்டுச் சிரிக்கலை, அவ்வளவுதான் வித்தியாசம் :-)

இன்னொண்ணு. 2024 பிப்ரவரியில 'அர்ஸெட்'னு ஒரு கேம் வந்தது. அந்த செல்டா கேம்களை ரசிச்ச ஒருத்தர், அதே பாணியில, பழைய குரல் நடிகர்களையும் பின்னணி ஓவியரையும் தேடிப் பிடிச்சு செஞ்சது. நல்ல விமர்சனம் வாங்குச்சு. பட்டன் வேலை செஞ்சா அந்தப் பாணி தேறும்னு ஆயிடுச்சே?

அடுத்து எதிர்க்கட்சி. சிடி-ஐ வச்சிருக்கிற ரசிகர்கள் கூட்டம் ஒண்ணு இருக்கு. மெஷின்ல கடிகாரத்துக்கும் சேமிப்புக்கும் ஒரே சிப், அதுக்குள்ளேயே பேட்டரி. பேட்டரி தீர்ந்தா ஸ்கோர் நிக்காது. இவங்க அந்த சிப்பையே சுரண்டி, வெளியிலிருந்து பட்டன் பேட்டரியை சால்டர் பண்ணி ஓட்டுறாங்க. அந்தப் பொறுமைக்கு ஒரு கும்பிடு. ஆனா ஏன் தோத்ததுன்னு கேட்டா ஒரே பாட்டு: "காலத்துக்கு முந்தின மெஷின்". நம்ம டச்சுக்காரரும் அதையேதான் சொன்னார். அது சப்பைக்கட்டுங்க. கஸ்டமருக்குப் புரியலைன்னு ரிலீஸ் ஊத்திக்கிட்ட மேனேஜர் சொல்ற அதே வசனம்.

1991-ல அமெரிக்காவுல சிடி-ஐ விலை ஏறக்குறைய 1000 டாலர். அதே வருஷம் சூப்பர் நிண்டெண்டோ 199. சரி, இது கேம் மெஷின் இல்லை, வீட்டுக்கான மல்டிமீடியான்னே வச்சுக்குவோம். முழுத்திரை வீடியோ ஓடணும்னா அதுக்குத் தனியா ஒரு கார்ட்ரிட்ஜ் வாங்கி மாட்டணும், அதுவும் பிற்பாடுதான் வந்தது. 1000 டாலர் குடுத்தவர் வீட்டுக்கு வந்த மாமா "இது எதுக்குப்பா?"ன்னு கேட்டா, ஒரு வரியில பதில் கிடையாது. அதுதான் தோல்வி. கார்ட்டூன் இல்லை.

அந்த பதில் 1993-ல கிடைச்சது, ஆனா பலன் சிடி-ஐ-க்குப் போகலை. அந்த வருஷம் பிலிப்ஸும் சோனியும் இன்னும் ரெண்டு கம்பெனிகளும் சேர்ந்து 'வைட் புக்' போட்டாங்க. அதான் நம்ம விசிடி! அந்த கார்ட்ரிட்ஜ்ல இருந்த அதே எம்பெக்-1 வீடியோ. இடைவேளைக்கு எந்திரிச்சு டிஸ்க் மாத்தி, கீறல் விழுந்த இடத்துல கட்டம் கட்டமா உடைஞ்சு, சட்டையில துடைச்சுத் திரும்பப் போட்டுப் பார்த்தோமே, அதே சரக்கு. கம்ப்யூட்டர்ல விசிடி-யைத் திறந்தா 'எம்பெக்ஏவி'ங்கிற ஃபோல்டருக்குள்ள போய்த்தானே படத்தை காப்பி பண்ணுவோம்? அதுக்குப் பக்கத்துலயே 'சிடிஐ'னு ஒரு ஃபோல்டர் இருக்கும். என்னன்னே தெரியாம விட்டுட்டுப் போவோம். அது இந்த மெஷினுக்கானதுதான். விசிடி சிடி-ஐ-யிலயும் ஓடணும்னு அதுக்குத் தேவையான குட்டி ப்ரோக்ராமை உள்ளே வச்சாங்க. நம்ம ஊர்ல பார்த்தே இருக்காத ஒரு மெஷினோட ப்ரோக்ராம், நம்ம வீட்டு அலமாரி டிஸ்குகள்ல வருஷக்கணக்கா தூங்கிட்டு இருந்திருக்கு.

பட்டியல் போட்ட நண்பரே, கோச்சுக்காதீங்க. அடுத்த தடவை எய்ண்ட்ஹோவன் பக்கம் வந்தா சொல்லுங்க, டச்சுக்காரர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். விளையாடிட்டு அப்புறமும் முதலிடம்தான்னா நான் வாயே திறக்கலை.

டிஸ்கி: பரண்ல பழைய விசிடி இருக்கிறவங்க, டிரைவ் இருக்கிற கம்ப்யூட்டர் கிடைச்சா போட்டு அந்த ஃபோல்டர் இருக்கான்னு பார்த்து பின்னூட்டத்துல சொல்லுங்க. படம் பேரையும் சொல்லுங்க மக்கா!