மரவள்ளியைக் காத்த குட்டிக் குளவி!

குட்டீஸ், பாயசத்தில் மிதக்கும் ஜவ்வரிசி எதிலிருந்து வருகிறது தெரியுமா? மரவள்ளிக் கிழங்கிலிருந்துதான்! சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பல விவசாயக் குடும்பங்களின் பிழைப்பே இந்தக் கிழங்குதான். 'சேலம் ஜவ்வரிசி'க்கு 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால், குச்சி நட்டுக் கிழங்கு தோண்ட எட்டு முதல் பத்து மாதம் ஆகும். அதுவரை காத்திருந்தால்தான் கையில் காசு. அந்தக் காசில்தான் கடனும் அடைய வேண்டும். பிள்ளைகள் படிப்பும் நடக்க வேண்டும்.

2020ல் கேரளத்தில் முதலில் தென்பட்ட ஒரு மாவுப்பூச்சி, இங்கும் பரவியது. செடிகள் குட்டையாகி, இலைகள் சுருண்டன. இதன் தாயகம் தென் அமெரிக்கா. அங்குள்ள இயற்கை எதிரி இங்கே இல்லாததால், வேகமாகப் பெருகியது.

விஞ்ஞானிகள் என்ன செய்தனர்? ஆப்பிரிக்காவில் இதே பூச்சியை அடக்கிய ஒரு குட்டிக் குளவியை, பெனின் நாட்டிலிருந்து வரவழைத்தனர். இது பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு, பூச்சியைத் தின்றே வளரும். 2022ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் இதை வயல்களில் விடும் பணி தொடங்கியது.

பூச்சிக்கு வழி கிடைத்தது. விலைக்கு? தோண்டிய கிழங்கு சில நாட்களில் கெட்டுவிடும். எல்லாரும் ஒரே நேரத்தில் தோண்டினால் விலை சரியும். வைத்திருந்து விற்கவும் முடியாது. எனவே, நியாயமான விலையும் தண்ணீரும்தான் இவர்களின் அடுத்த தேவை!