ஐம்பத்தாறும் நானூற்று ஆறும்

பாஸ்டனில் மகள் வீட்டுக்கு நாங்கள் போவது இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் டி.வி.யில் பேஸ்பால் ஓடினால் எனக்குக் கண்ணைச் சொக்கிவிடும். இந்த முறை மாப்பிள்ளை விடவில்லை. "மாமா, ஒரே ஒரு தடவை ஃபென்வே பார்க் வந்து பாருங்க. பிடிக்கலைன்னா அப்புறம் நான் பேச்சே எடுக்கமாட்டேன்" என்று டிக்கெட்டே எடுத்துவிட்டார்.

1912-இல் கட்டிய மைதானம் அது. வலது பக்கக் கோடியில் பச்சை இருக்கைகளுக்கு நடுவே ஒன்றே ஒன்று மட்டும் சிவப்பு. 1946-இல் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி பறந்து, அங்கே உட்கார்ந்திருந்த ஒருவரின் வைக்கோல் தொப்பியைப் பொத்தல் போட்டதாம். அந்த இருக்கையைப் பார்த்து ஆரம்பித்த வாக்குவாதம், வீடு திரும்பி ரசம் சாதம் சாப்பிட்டு முடிக்கும்வரை ஓயவில்லை.

"ரெக்கார்டுன்னு இருந்தாலே உடைக்கத்தானே மாமா" என்பது மாப்பிள்ளை கட்சி. சிலது உடையாது என்பது என் கட்சி. பிராட்மேனின் 99.94-ஐச் சொல்லிச் சொல்லியே வளர்ந்தவன் வேறு என்ன சொல்வேன்?

பேஸ்பால் தெரியாத நண்பர்களுக்கு இரண்டு வரி. பந்தை அடித்துவிட்டு, எதிரணியின் தவறு எதுவும் இல்லாமல், பத்திரமாக ஒரு பேஸ் போய்ச் சேர்ந்தால் அது 'ஹிட்'. பத்து வாய்ப்பில் மூன்று ஹிட் அடித்தால் அவர் பெரிய ஆட்டக்காரர். அதை 300 என்பார்கள், அதாவது ஆயிரத்துக்கு 300. ஏழு முறை தோற்றவனைத் தலையில் வைத்துக் கொண்டாடும் விளையாட்டு இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

1941-ஆம் வருடம் ஒரே பருவத்தில் இரண்டு அதிசயம் நடந்தது. நியூயார்க் யாங்கீஸின் ஜோ டிமாஜியோ மே 15-இல் ஆரம்பித்து ஜூலை 16 வரை தொடர்ந்து 56 ஆட்டங்களில், ஆட்டத்துக்கு ஒரு ஹிட்டாவது அடித்தார். அதே வருடம் 23 வயது டெட் வில்லியம்ஸ் பருவம் முழுவதற்கும் 406 சராசரி வைத்தார். கடைசி நாள் காலையில் அவருடைய கணக்கு 0.39955. முழுமையாக்கினால் 400 என்றே எழுதுவார்கள். உட்கார்ந்துகொள்ளலாம் என்று சொல்லியும் மறுத்துவிட்டு, பிலடெல்பியாவில் அன்று நடந்த இரண்டு ஆட்டங்களிலும் இறங்கி எட்டு வாய்ப்பில் ஆறு ஹிட் அடித்தார். பைசா சுத்தமாக பேலன்ஸ் டேலி பண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன் என்கிற ஆசாமி. எனக்கு அவரைப் பிடித்துப்போக அது ஒன்றே போதும். அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதை மட்டும் டிமாஜியோவுக்குக் கொடுத்தார்கள்.

முப்பத்தைந்து வருடம் வங்கியில் உட்கார்ந்தவன், கணக்குப் போடாமல் இருப்பேனா? ராத்திரி தூக்கம் வராமல் பேரனின் நோட்டில் போட்டுப் பார்த்தேன். 350 சராசரிக்காரர் ஆட்டத்துக்கு நாலு வாய்ப்பு பெற்றால், ஒரு ஹிட்டாவது கிடைக்கும் சாத்தியம் 82 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதையே 56 முறை பெருக்கினால் சுமார் அறுபதாயிரத்தில் ஒன்று! 300 சராசரிக்காரருக்குக் கிட்டத்தட்ட 48 லட்சத்தில் ஒன்று. இன்றைக்கு 350-ஐத் தொடுபவரே அபூர்வம். டிமாஜியோவுக்கு அப்புறம் மிக அருகில் வந்தவர் பீட் ரோஸ், 1978-இல் 44 ஆட்டம். அருகில் என்று சொல்கிறேனே தவிர, இன்னும் பன்னிரண்டு இருந்தது.

இதுவரை மாப்பிள்ளையும் தலையாட்டினார். காரணம் சொல்லும்போதுதான் நான் சறுக்கினேன். "அந்தக் காலத்து மனுஷங்க மாதிரி இப்ப வருமா?" என்றேன். அவர் பதில் பேசவில்லை. அலமாரியிலிருந்து ஹார்வர்டில் இருந்த ஸ்டீஃபன் ஜே கூல்ட் 1996-இல் எழுதிய 'ஃபுல் ஹவுஸ்' புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

கூல்ட் சொல்வது இதுதான். 400 மறைந்தது ஆட்டம் தேய்ந்ததால் அல்ல, வளர்ந்ததால். எல்லோருடைய சராசரியும் பல பத்தாண்டுகளாக 260-ஐச் சுற்றியே நிற்கிறது. பிட்சர்கள் கை ரொம்ப ஓங்கினால் விதியையே மாற்றுகிறார்கள். 1969-இல் பந்து வீசும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாக வெட்டினார்கள். ஆனால் மட்டமான ஆட்டக்காரர்கள் காணாமல் போனார்கள். பள்ளம் தூர்ந்தால் மேடு உயரமாகத் தெரியாதே.

படித்தவுடன் எங்கள் கிளையில் இருந்த ஒரு சீனியர் கிளார்க் ஞாபகம் வந்தது. லெட்ஜரில் நாற்பது வரியை விரல் ஓட்டிக்கொண்டே கூட்டிவிடுவார். நாங்கள் எல்லாம் அவரை அதிசயமாகப் பார்த்தோம். நாங்கள் தடுமாறியதால்தான் அவர் அதிசயம் என்று அப்போது தோன்றவில்லை. (கம்ப்யூட்டர் வந்த கதை வேறு, அது உவமைக்குப் பொருந்தாது.)

டிமாஜியோ அநேகமாக ஒரே பிட்சரை ஓர் ஆட்டத்தில் மூன்று நாலு முறை சந்தித்தார். கை சோர்ந்தபிறகும் அவரேதான் வீசுவார். இன்று மூன்றாவது முறை வருவதற்குள் புது ஆள் வந்துவிடுகிறார், மணிக்கு 95 மைலுக்கு மேல் வீசிக்கொண்டு. 1941 முழுக்க டிமாஜியோ ஸ்ட்ரைக் அவுட் ஆனது 13 முறை. 2022-இல் 62 ஹோம் ரன் அடித்த ஆரன் ஜட்ஜ் அதே பருவத்தில் ஸ்ட்ரைக் அவுட் ஆனது 175 முறை. ஜட்ஜ் ஒன்றும் சோடையில்லை. ஆடும் ஆட்டமே வேறு.

என் 'அந்தக் காலம்' வாதத்தை முழுசாகக் கைவிட வைத்தது இன்னொரு பெயர்: ஜாஷ் கிப்சன். 1941-இல் கறுப்பினத்தவருக்கு மேஜர் லீக்கில் இடமில்லை. நீக்ரோ லீக் என்று தனியாக ஆடினார்கள். கிப்சன் அங்கே 1943-இல் 466 அடித்தார். 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்துபோனார். மூன்றே மாதம் கழித்து, ஏப்ரலில், ஜாக்கி ராபின்சன் அந்தக் கதவைத் திறந்து உள்ளே போனார். 2024-இல்தான் நீக்ரோ லீக் கணக்குகளையும் மேஜர் லீக் ஏட்டில் சேர்த்தார்கள். வாழ்நாள் சராசரியில் டை காபின் 367-க்கு மேலே இப்போது கிப்சனின் 372 நிற்கிறது. ஆட்டங்கள் குறைவு, இதைச் சேர்க்கக்கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. ஆட்டம் குறைந்ததற்கு அவரா பொறுப்பு? எண்பது வருடம் கழித்து வரவு வைத்தார்கள், சரியாகத்தான் வைத்தார்கள் என்பேன். ஆக, நான் பெருமையடித்த 1941 பாதிக் கதவை அடைத்துவைத்து நடத்திய போட்டி. டிமாஜியோவும் வில்லியம்ஸும் அதனால் சின்னவர்களாகிவிடவில்லை. நான்தான் கொஞ்சம் அடக்கி வாசிக்கவேண்டும்.

மாப்பிள்ளையும் சும்மா இல்லை. ஜார்ஜ் சிஸ்லர் 1920-இல் ஒரே பருவத்தில் அடித்த 257 ஹிட்டை, 84 வருடம் கழித்து ஜப்பானிலிருந்து வந்த இச்சிரோ 262 அடித்து முந்தவில்லையா என்று கேட்டார். நியாயமான கேள்வி. இச்சிரோ மாதிரி ஒருவர் வருவார் என்று 1990-இல் யாரும் கணக்கில் எழுதியிருக்கமாட்டார்கள். ஹோம் ரன் சங்கதியிலும் அவர் கட்சிக்கே விட்டுக்கொடுத்தேன். பேரி பாண்ட்ஸ் 2001-இல் அடித்த 73 ஊக்கமருந்துப் பேச்சோடு சேர்த்தே பேசப்படுகிறது, என்றாவது ஒரு நாள் அது போகும். போனால் பலருக்கு நிம்மதி. பீட் ரோஸின் 4,256 ஹிட் அப்படி அல்ல. வருடத்துக்கு 200 என்று 21 வருடம் அடித்தாலும் 56 குறையும். அங்கேயும் அந்த 56!

கடைசியில் இப்படி முடிந்தது: 73 போகும், 4,256 போகாது, 406-க்கு என் ஆயுளில் ஆபத்தில்லை, 56-க்குப் பேரன் ஆயுளிலும் ஆபத்தில்லை. மாப்பிள்ளை கடைசி இரண்டுக்கும் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்த ஒன்பது வயதுப் பேரன், "தாத்தா, 57-வது மேட்ச்ல என்ன ஆச்சு?" என்றான்.

கிளீவ்லேண்டில் மூன்றாவது பேஸில் நின்ற கென் கெல்ட்னர் இரண்டு முறை பாய்ந்து பிடித்து அவுட் ஆக்கிவிட்டார் என்று சொன்னேன். மறுநாளே டிமாஜியோ திரும்ப ஆரம்பித்து இன்னும் 16 ஆட்டம் தொடர்ந்து அடித்ததையும் சொன்னேன்.

விரல் விட்டு எண்ணினான். "அப்போ 73 மேட்ச்ல ஒண்ணே ஒண்ணுதான் மிஸ்ஸா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் மட்டையை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓடினான். ராத்திரி ஒன்பது மணி. மகள் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.