கௌரவ டாக்டர் பட்டம்: யாருக்கு, எதற்கு?

பட்டமளிப்பு விழாக் காலம் வந்தால் நமது செங்கல்பட்டு மாவட்டத்துப் பல்கலைக்கழக மேடைகள் களைகட்டுகின்றன. பல்லாவரம் வேல்ஸ் பல்கலைக்கழகம் 2022 ஜனவரியில் நடிகர் சிலம்பரசனுக்கும், 2024 ஏப்ரலில் தெலுங்கு நடிகர் ராம் சரணுக்கும் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. கலைஞர்களை மதிப்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் இப்பட்டம் எதற்காக என்று சற்றே சிந்திப்போம்.

இம்மரபு பழமையானது. 1470களின் இறுதியில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் லயனல் வுட்வில் என்ற குருவுக்கு, வழக்கமான நிபந்தனைகளைத் தளர்த்திப் பட்டம் கொடுத்தது. அவர் அப்போதைய அரசரின் மைத்துனர்! ஆக, செல்வாக்குள்ளவரைத் தேடிப் போகும் சோதனை தொடக்கத்திலேயே இருந்தது. அதே மரபில்தான் 1977-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அன்னை தெரசாவுக்கு முனைவர் பட்டம் அளித்து, ஏழைகளுக்கான பணியையும் கல்விக்கு இணையாகப் போற்றியது.

நம் மாநிலத்தில் 2023-ஆம் ஆண்டு இரு நிகழ்வுகள் நம்மை வருந்தச் செய்தன. பிப்ரவரியில், தனியார் அமைப்பு ஒன்று அண்ணா பல்கலைக்கழக அரங்கை வாடகைக்கு எடுத்துப் போலி டாக்டர் பட்டங்களை வழங்கியது. தாங்கள் ஏமாற்றப்பட்டதாகப் பல்கலைக்கழகமே காவல்துறையிடம் முறையிட்டது. மற்றொன்று, விடுதலைப் போராட்ட வீரர் என். சங்கரய்யா பற்றியது. 1941-இல் இறுதித் தேர்வுக்குச் சில நாட்களுக்கு முன் கைதானதால் பட்டப்படிப்பை இழந்தவர் அவர். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கத் தீர்மானித்தும், வேந்தரான ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. நவம்பர் 2-இல் பட்டமளிப்பு விழா அவரின்றி நடந்தது. நவம்பர் 15-இல் தமது 102-ஆம் வயதில் அவர் மறைந்தார். தகுதியற்ற இடத்தில் பட்டம் விலைபோகிறது. தகுதியுள்ள இடத்தில் அரசியல் குறுக்கே நிற்கிறது.

தகுதியானவர்கள் நம் அருகிலேயே இருக்கிறார்கள். மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்கி வருகிறது. விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவையான நஞ்சை அவர்கள் எடுத்துத் தருகிறார்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரையும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகம், மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்கும் பணியில் துணைசெய்ய வரவழைத்தது. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பள்ளிப் படிப்பால் வராத அறிவை அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் அடையாளம் கண்டது. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒடிசா கவிஞர் ஹல்தர் நாக்கிற்குச் சம்பல்பூர் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியுள்ளது. நம் பகுதிப் பல்கலைக்கழகங்களும் இருளர் குடியிருப்புகளையும் மாமல்லபுரச் சிற்பக்கூடங்களையும் நோக்கிப் பார்வையைத் திருப்பலாமே!

பல்கலைக்கழகங்களைக் கேள்வி கேட்கும் நாம் நம் பங்கு விழாக்களையும் எண்ணிப் பார்ப்போம். மேடையில் பொன்னாடை யாருக்குப் போர்த்தப்படுகிறது? பெரும் நன்கொடையாளருக்கும் வட்டாரப் பிரமுகருக்குமா? பல ஆண்டுகள் மறைக்கல்வி கற்பித்த ஆசிரியையும், சுனாமியின்போது பிறரைக் கரைசேர்த்த மீனவரும் கடைசி வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்களா? அடுத்த திருவிழாவில் அவர்களில் ஒருவரை மேடைக்கு அழைப்போம். மாற்றத்தை அங்கிருந்தே தொடங்குவோம்.