யாரைக் கேட்டுக் கடைவீதி?

குற்றாலக் கடைவீதியைச் சீரமைக்கக் கருத்துக் கேட்பதென்றால் யாரைக் கேட்பது? ஏலமெடுத்தவரையும் லாட்ஜ்காரரையும் கேட்டால் போதுமா? சாரல் சீசனில் தரையில் சாக்கு விரித்து மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கிற நம்ம அக்காமார்களை யார் கேட்பது?

2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் உரிய இடம். கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது.

கடன் கேட்டு வருகிறவரிடம் ‘வியாபாரி அட்டை இருக்கா?’ என்று கேட்கிற வங்கி மேசையில் உட்கார்ந்திருப்பவன் நான். அட்டை இல்லாதவர் எந்தக் கணக்கிலும் இல்லை. கணக்கில் இல்லாதவரைக் கருத்துக் கேட்க எவன் கூப்பிடுவான்?

வீதியை அப்புறம் அளங்க. முதல்ல எங்க தலையை எண்ணுங்க.