ஐ.எஸ்.ஓ முத்திரை இருந்தால் டிப்ளோமா செல்லும் எண்டு ஆர் சொன்னது?

ஏ.எல் பெறுபேறு வந்தால் போதும், முள்ளியவளையில் மதில், மின்கம்பம், பஸ் தரிப்பிடம் எண்டு எல்லா இடத்திலயும் நோட்டீஸ் ஏறிவிடும். கணினி டிப்ளோமா, தாதிய உதவியாளர், முன்பள்ளி ஆசிரியர், ஆங்கிலம், மனிதவள முகாமைத்துவம். கீழ் மூலையில் ஒரு வட்ட முத்திரை: ‘ஐ.எஸ்.ஓ 9001:2015 சான்றிதழ் பெற்ற நிறுவனம்’. பாடத்திட்டம் என்ன, படிப்பிக்கிறது ஆர் எண்டு நோட்டீஸில் ஒரு வரி இராது. முத்திரை மட்டும் பளிச்செண்டு இருக்கும். அதைக் காட்டித்தான் ‘சர்வதேச அங்கீகாரம்’ எண்டு பெற்றோருக்குச் சொல்லப்படுகுது. நகை அடகுக்குப் போறதும் அதை நம்பித்தான்.

நேரடியாகச் சொல்லுறம். ஐ.எஸ்.ஓ 9001 எந்தப் படிப்புக்கும் குடுக்கிற அங்கீகாரம் இல்லை. ஒரு நிறுவனம் தன்ர வேலையை எழுதி வைச்ச ஒழுங்கின்படி நடத்துதா, பிழை வந்தால் பதிஞ்சு திருத்துதா எண்டு பார்க்கிற முகாமைத்துவ நியமம் அது. சவர்க்காரம் செய்யிற தொழிற்சாலையும் அதை எடுக்கலாம், வங்கியும் எடுக்கலாம். இலங்கையில் தொழிற்பயிற்சி நிலையம் நடத்துறதெண்டால் 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்க வேணும். அதுக்கு மேல, குறிப்பிட்ட பாடநெறிக்கு என்.வி.கியூ தரம் குடுக்கிறதெண்டால் அந்தப் பாடநெறி தனியாக அங்கீகாரம் பெற வேணும். வேலைக்கு விண்ணப்பிக்கேக்க உங்களுக்கு உதவப் போறது இந்த ரெண்டும்தான். முத்திரையைப் பெருசாகப் போட்டுப் பதிவு இலக்கத்தைப் போடாமல் விடுறது மறதியில நடக்கிற விசயம் இல்லை.

ஜெனீவாவில் இருக்கிற ஐ.எஸ்.ஓ 1947இல் தொடங்கின அமைப்பு. அது நியமங்களை எழுதி வெளியிடும், அவ்வளவுதான். ஒருத்தருக்கும் சான்றிதழ் குடுக்கிறதில்லை. தன்ர இலச்சினையைச் சான்றிதழோட சேர்த்துப் பாவிக்கவும் விடுறதில்லை. 9001 முதலில் வந்தது 1987இல். அதுக்கு அடிப்படை பிரித்தானியாவின் 1979ஆம் ஆண்டு நியமம் ஒண்டு. இன்னும் பின்னுக்குப் போனால் இராணுவத்துக்குத் தளபாடம் வாங்கிறதுக்கு எழுதின தர விதிகளில் போய் நிக்கும். 1959இலயே அமெரிக்க இராணுவம் அப்படி ஒண்டு வைச்சிருந்தது. வன்னியில் இருந்து வாசிக்கேக்க இந்த இடத்தில் ஒருக்கா நிக்காமல் போக ஏலாது.

சான்றிதழ் குடுக்கிறது தனி நிறுவனங்கள். அந்த நிறுவனங்களுக்குத் தகுதி இருக்கா எண்டு பார்க்கிறதுக்கு ஒவ்வொரு நாட்டிலயும் அங்கீகார அமைப்புகள் இருக்கு. இங்க 2005இன் சட்டத்தால வந்த இலங்கை தராதர அங்கீகாரச் சபை. இந்தச் சங்கிலிக்கு வெளியில நிண்டு, ஆளே வந்து பார்க்காமல், மின்னஞ்சலில் சான்றிதழ் விக்கிற கடைகள் உலகம் முழுக்க உண்டு. நோட்டீஸில் பார்க்க ரெண்டு முத்திரையும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

சரி, சான்றிதழ் உண்மையானது எண்டே வைப்பம். தர முகாமைத்துவக் காரரிடையே ஒரு பழைய பகிடி இருக்கு: கொங்கிரீட்டில் உயிர்காப்பு அங்கி செய்யிற கொம்பனியும் ஐ.எஸ்.ஓ எடுக்கலாம், எல்லா அங்கியையும் எழுதி வைச்சபடி ஒரே மாதிரிச் செய்தால் சரி. நியமத்தை ஆதரிக்கிற ஆக்கள் இது அநியாயம் எண்டுவினம். வாடிக்கையாளரின்ர தேவையைப் பூர்த்தி செய்யவேணும் எண்டும் அதில் எழுதியிருக்கு எண்டுவினம். உண்மைதான். ஆனால் பூர்த்தியாச்சா எண்டு பார்க்க வாற கணக்காய்வாளருக்குக் காசு கட்டுறது ஆர்? சான்றிதழ் கேட்கிற அதே நிறுவனம். கண்டிப்பான ஆள் எண்டால் அடுத்தமுறை வேற ஆளைக் கூப்பிடலாம்.

இதின்ர உச்சத்தை 2012இல் கராச்சி கண்டது. செப்டெம்பர் 11, அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலையில் தீ. 250க்கும் மேற்பட்ட தொழிலாளர் செத்துப் போச்சினம். கதவுகள் பூட்டியிருந்தது, யன்னல்களுக்குக் கம்பி அடிச்சிருந்தது. அதுக்குச் சில கிழமைக்கு முதல்தான் இத்தாலியின் ரினா நிறுவனம் அந்தத் தொழிற்சாலைக்கு எஸ்.ஏ 8000 சான்றிதழ் குடுத்திருந்தது. அது ஐ.எஸ்.ஓ இல்லை, தொழிலாளர் நிலைமைக்கான வேறொரு நியமம்; ஆனால் சான்றிதழ் வழங்கிற முறை இதே முறைதான். தீ வைச்சது நாசகாரர் எண்டு பின்னர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தீயை ஆர் வைச்சிருந்தாலும், வெளியேறும் வழி சரியா எண்டு பார்க்கிறது சான்றிதழ் குடுக்க வந்த ஆளின்ர வேலை.

இதை வைச்சு ‘நியமம் எல்லாம் வெள்ளைக்காரன்ர ஏமாத்து’ எண்டு சொல்ல எங்களால ஏலாது. ஏனெண்டால் நியமம் ஒண்டு சரியாக வேலை செய்யிறதை இந்த மண்ணில்தான் பார்த்து வளர்ந்தனாங்கள்.

மிதிவெடி அகற்றலைத்தான் சொல்லுறம். 2002இல் இருந்து ஹலோ ட்ரஸ்டும் மாக் நிறுவனமும், பிறகு டாஷ், ஷார்ப் போன்ற உள்ளூர் அமைப்புகளும் இங்க வேலை செய்யினம். அதில் முழந்தாளில் இருந்து மண்ணை விறாண்டின கனபேர் எங்கட ஊர்ப் பக்கத்து அக்காமார், அம்மாமார். அந்த வேலைக்கும் ஒரு நியமத் தொகுதி உண்டு: 2001இல் ஐ.நா. வெளியிட்ட பன்னாட்டு மிதிவெடிச் செயற்பாட்டு நியமங்கள். அது கேட்கிறதைப் பாருங்கோ. எந்தப் பரப்பு, எவ்வளவு ஆழம் எண்டு முதலே எழுத வேணும். வேலை செய்த நிறுவனம் தானே சோதிக்க வேணும். அது காணாது, அந்த நிறுவனத்தைச் சேராத ஆள் வந்தும் சோதிக்க வேணும். கோப்பைப் பார்த்திட்டுப் போக ஏலாது, நிலத்தைப் பார்க்க வேணும். முழுப் பாதுகாப்பு எண்டு பொய் வாக்குக் குடுக்கவும் மாட்டுது. நியாயமாகச் செய்யக்கூடிய எல்லா முயற்சியும் செய்தாச்சு எண்டுதான் அதின்ர சொல்லு. அந்தக் கடதாசியை நம்பி சனம் காணிக்குள்ள கால் வைச்சது.

ஐ.எஸ்.ஓ 9001 சான்றிதழிலும் ‘பரப்பு’ எண்டு ஒரு வரி உண்டு. எந்த வேலைக்கு, எந்தக் கிளைக்குச் சான்றிதழ் எண்டு அதில் இருக்கும். கொழும்புத் தலைமை அலுவலகத்தின்ர நிர்வாகத்துக்கு எடுத்த சான்றிதழ் முல்லைத்தீவுக் கிளையின்ர வகுப்பறைக்குப் பொருந்தாது. காணிக்கு நூல் கட்டின இடம் எது எண்டு கேட்டுத்தானே உள்ளுக்குப் போனனாங்கள்? நோட்டீஸ் முத்திரைக்கு மட்டும் ஏன் கேட்கிறம் இல்லை?

இந்த நோய் எங்கட பல்கலைக்கழகத்துக்குள்ளயும் இருக்கு. எங்கட பீடத்துக்குத் தர மதிப்பீட்டுக் குழு வருகுது எண்டால் ரெண்டு மாதம் கோப்புக் கட்டுற மாதம். ஒவ்வொரு நியமத்துக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, ஒவ்வொண்டுக்கும் ஆதாரக் கோப்பு. நல்ல நோக்கம்தான். ஆனால் நூலகத்தில் எங்கட பாடத்துக்குத் தமிழில் இருக்கிற கடைசிப் புத்தகம் நாங்கள் பிறக்க முதல் வந்தது எண்டதுக்கு எந்தக் கோப்பு? குழு வந்த நாள் மட்டும் மலசலகூடத்தில் சவர்க்காரம் இருந்தது. (பள்ளிக்கூடத்தில் ஐந்து எஸ் வந்தநேரம் தும்புத்தடி வைக்கிற மூலையில் ‘தும்புத்தடி’ எண்டு லேபல் ஒட்டினது ஞாபகம். லேபல் இருந்தது, தும்புத்தடி இல்லை.)

ஆகவே, காசு கட்ட முதல் கேளுங்கோ. ஆணைக்குழுப் பதிவு இலக்கம் என்ன? இந்தப் பாடநெறிக்கு என்.வி.கியூ எத்தினையாம் தரம்? ஆணைக்குழுவின்ர இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கோ. ஐ.எஸ்.ஓ எண்டு சொன்னால் சான்றிதழை முழுசாகக் காட்டச் சொல்லுங்கோ: குடுத்தது ஆர், அவைக்கு அங்கீகாரம் குடுத்தது ஆர், பரப்பு என்ன, முடியிற திகதி எது. வழமையாக அது மூண்டு வருசத்துக்குத்தான் செல்லும், இடையில் வருசாவருசம் கண்காணிப்புக் கணக்காய்வும் உண்டு.

ஏற்கெனவே சேர்ந்திட்டீங்கள், வகுப்பு ஒழுங்கா நடக்கேல்லை எண்டால், வாயால சண்டை பிடிக்காதேங்கோ. அந்த நியமத்தின்படி முறைப்பாட்டுக்கு நடவடிக்கை எடுக்க வேணும், எடுத்ததைப் பதிஞ்சும் வைக்க வேணும். திகதி போட்டு எழுத்தில் குடுங்கோ, கையொப்பம் வாங்கின பிரதி ஒண்டு உங்களிட்ட இருக்கட்டும். பதில் வராட்டி அந்தப் பிரதியைச் சான்றிதழ் குடுத்த நிறுவனத்துக்கே அனுப்புங்கோ. முறைப்பாடு எடுக்கிற கடமை அவைக்கும் இருக்கு.