பத்துக்குப் பன்னிரண்டு

சென்ற ஞாயிற்றுக்கிழமை நம் நண்பர் ஒருவர், சுருட்டிய காகிதம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏதோ ராஜாங்க ரகசியத்தைக் கொண்டு வருகிறவர்போல் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். உடன் அவருடைய மனைவியாரும் வந்திருந்தார். குற்றாலத்துக்குச் சமீபத்தில் அவர்களுக்கு ஐந்து சென்ட் நிலம் இருக்கிறது. வருஷத்தில் பதினைந்து நாள், சாரல் காலத்தில் போய்த் தங்குவதற்கு அதில் ஒரு குடில் கட்டப் போகிறார்களாம். காகிதத்தை விரித்துப் பார்த்தோம். பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஓர் அறை. மேற்கே மலையைப் பார்த்த ஜன்னல். ஜன்னலடியில் சாய்வு நாற்காலி. சுவரோரம் இரண்டு கட்டில், ஒரு புத்தக அலமாரி. அவ்வளவுதான்.

"தோரோவுக்குப் போதுமானது எனக்குப் போதாதா?" என்றார் நண்பர்.

நியாயமான கேள்விதான். காந்தியடிகள் பெரிதும் மதித்த அந்த அமெரிக்கர், 1845-ஆம் ஆண்டு வால்டன் குளக்கரையில் தம் கையாலேயே கட்டிக்கொண்ட வீடு, பத்தடி அகலமும் பதினைந்தடி நீளமுமே உடையது. ஒரு கோடியில் கதவு, எதிர்க்கோடியில் செங்கல் கணப்பு, இரு பக்கமும் பெரிய ஜன்னல், மேலே பரண். மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட். நாற்காலி மூன்றே மூன்று. தரையைக் கழுவ வேண்டுமானால் சாமான்களையெல்லாம் தூக்கிப் புல்தரையில் வைத்துவிடுவார். இருபத்தைந்து முப்பது பேர் அந்த அறையில் கூடியதும் உண்டு. இரண்டு வருஷத்துக்கு மேல் அதில் வாழ்ந்து, வரவு செலவை அரைச் சென்ட் விடாமல் நூலிலே எழுதி வைத்தார். அந்தக் கணக்கில் ஓர் இடம் நமக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். துணி வெளுப்பதும் தைப்பதும் பெரும்பாலும் வெளியே நடந்தன என்றும், அதற்கான சீட்டு இன்னும் வரவில்லை என்றும் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார்!

இதை நாம் சொன்னதும், அதுவரை பேசாதிருந்த நண்பரின் மனைவியார் சிரித்துவிட்டார். பிறகு காகிதத்தைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டு, "இதில் அடுப்பு எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

நண்பர் காகிதத்தை உற்றுப் பார்த்தார். அடுப்பு இல்லை.

சிறு குடிலுக்குப் பேர்போனவர்கள் எல்லோரும் இந்தக் கேள்விக்கு ஏதாவது ஒரு வழி செய்தே இருக்கிறார்கள். சண்டிகர் நகரைத் திட்டமிட்ட லெ கார்பூசியே, பிரான்ஸ் தேசத்துத் தென்கடற்கரையில் 1952-இல் தமக்கென்று மரத்தால் ஒரு குடில் அமைத்தார். அது 3.66 மீட்டர் சதுரம், அதாவது பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி. கட்டில், மேஜை, கைகழுவும் தொட்டி எல்லாம் உண்டு. சமையலறை மட்டும் கிடையாது. பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடை. அங்கே போவதற்குச் சுவரில் ஒரு கதவு! நண்பருடைய நிலத்துக்குப் பக்கத்தில் இருப்பதோ ஒரு புளியந்தோப்பு.

நமக்கு மிகவும் பிடித்தது ஜப்பானியத் துறவி காமோ நோ சோமே 1212-இல் எழுதி வைத்திருக்கும் குடில்தான். பத்தடிச் சதுரம், உயரம் ஏழடிக்கும் குறைவு. பிரித்துப் போட்டால் இரண்டு வண்டிப் பாரம். வடக்கே புத்தர் படம், தெற்கே மூங்கில் தாழ்வாரம், மூங்கில் பலகைமேல் கவிதைச் சுவடியும் இசைச் சுவடியும் வைக்கும் பெட்டிகள், அருகே இரண்டு வாத்தியங்கள். ஆனால் சுள்ளியை ஒடித்து எரிப்பதற்காகக் கிழக்கே மூன்றடிக்கு மேல் தனியாக ஒரு சாய்ப்பு இறக்கியிருந்தார். தனி மனிதர், தாமே சமைத்து உண்டவர். ஆகையால் அடுப்பை அவர் மறக்கவில்லை.

காகிதத்தை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனோம். நம் வீட்டு அம்மாள் கொடுத்த கோலமாவினால் அந்த அறையை உள்ளபடியே பத்தடிக்குப் பன்னிரண்டடியாகத் தரையில் வரைந்தோம். காகிதத்தில் விசாலமாகத் தெரிந்த அறை, தரைக்கு வந்ததும் சுருங்கிவிட்டது. ஆறரைக்கு மூன்றில் இரண்டு கட்டில்களை வரைந்ததும் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அவர்களுக்குக் குழந்தைகள் இரண்டு. அவர்கள் எங்கே படுப்பது? கட்டிலை அழித்து, இரண்டரையடிப் பாய் நான்கை அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தோம். பத்தடி அகலம் சரியாக நிரம்பிற்று. அப்படியும் அறையில் பாதி நடமாட்டத்துக்கு மிஞ்சியது. பகலில் பாயைச் சுருட்டிவிட்டால் அறை முழுவதும் கிடைக்கும். அலமாரி மறைந்து, சுவரில் மாடமாயிற்று. சாய்வு நாற்காலி தாழ்வாரத்துக்குப் போயிற்று. நண்பர் முகம் சற்று வாடியது வாஸ்தவந்தான்.

அடுப்புக்குக் கிழக்கே சாய்ப்பு என்பதில் தகராறில்லை. சாரல் காலத்தில் காற்று மேற்கேயிருந்து வருவதால் புகை அறைக்குள் நுழையாது. அகலம் நாலடி என்று நண்பர் கோடு போட்டார். அம்மையார் அதற்குள் நின்று, குனிந்து, திரும்பிப் பார்த்தார்.

"ஆறடி வேண்டும்" என்றார்.

"ஒருவர் சமைக்க நாலடி போதாதா?"

"ஒருவருக்குப் போதும். அங்கேயும் ஒருவர்தான் சமைப்பது என்றால் நான் இங்கேயே இருந்துவிடுகிறேன். பதினைந்து நாள் இந்த வீட்டு அடுப்பை விட்டு அந்த வீட்டு அடுப்புக்குப் போவதற்கு ரயில் சத்தம் வேறு எதற்கு?"

நண்பர் சிறிது நேரம் கோலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தாமே காலால் பழைய கோட்டை அழித்து, இரண்டடி தள்ளிப் புதுக் கோடு போட்டார். அதிகச் செலவுக்கு ஈடாக, வாசலில் வைக்க எண்ணியிருந்த இரண்டு சிமெண்டுத் தூண்களும் போயின.

மேற்கு ஜன்னல் விஷயம் மட்டும் இன்னும் தீரவில்லை. பார்க்க வேண்டிய மலை இருப்பதும் மேற்கே. நனைக்கிற சாரல் வருவதும் மேற்கே. கூரையை மூன்றடி நீட்டிவிட்டு ஜன்னலைப் பெரிதாக வைக்கலாம் என்பது நம் அபிப்பிராயம். அம்மையார் இரண்டு மழைக்காவது அந்த நிலத்தில் குடை பிடித்து நின்று பார்த்த பிறகே சொல்ல முடியும் என்கிறார். ஆனி பிறந்ததும் இருவரும் போகிறார்கள். கோலமாவுப் பொட்டலத்தையும் நம் வீட்டிலிருந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.